பனியனில் இரண்டு வட்டம்

அத்தியாயம் 14

போன வாரம் கறைக்காரியைச் சலவை நிலையத்தின் பின்னறையில், கையில் கணவனின் பனியனோடு நிற்கவைத்துவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். நமக்கு ஏழு நாள் ஓடிவிட்டது. அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. இன்னும் அந்தப் பனியனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம்தான் முதன்முதலாக வந்து உட்காருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கறைக்காரி என்பது கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். துணியில் என்ன கறை விழுந்திருந்தாலும், அது எது, எத்தனை நாள் பழசு, எதைத் தொட்டு எடுத்தால் போகும் என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். துருவா, ரத்தமா, உதட்டுச் சாயமா என்று அவளிடம் யாரும் பொய் சொல்லித் தப்ப முடியாது. ஊரில் எத்தனையோ வீட்டு ரகசியங்கள் அவள் மேசைக்கு வந்திருக்கின்றன. அவள் வாயைத் திறந்ததில்லை.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் தொங்கியபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அங்கே இல்லாத ஒருவன் அவனிடம் பேச ஆரம்பித்தான். இடுப்பு பெல்ட்டைக் கழற்று என்றான். இவனும் ஒரு கொக்கியைக் கழற்றிவிட்டான். இரண்டாவதில் கை வைப்பதற்குள் கூட இருந்தவர் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார். அப்புறம் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை. அந்தக் குரல் போனது, ஆள் பிழைத்தான். இனிமேல் குழிக்குள் இறங்க வேண்டாம் என்று கம்பெனியில் அவனை உதிரிபாக ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். முதலில் கொடுத்த மாத்திரையில் நாள் முழுக்கத் தூங்கி வழிகிறான் என்று போன வருஷம் டாக்டரம்மா வேறொன்றுக்கு மாற்றினார். அதில் தூக்கம் தெளிந்து, பழையபடி சிரிக்கவும் ஆரம்பித்தான்.

ஆனால் எட்டு மாதமாக அவன் அவளைத் தொடவில்லை. சட்டையோடு படுத்தான். சட்டைக்குள் இரண்டு பனியன் போட்டான். தன் பனியனைத் தானே துவைத்தான். சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவளைக் கட்டிக்கொண்ட மனிதன் தன் துணியைத் தானே துவைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? இன்று காலை குளியலறை வாளிக்குப் பின்னால் ஒரு பனியன் கிடந்தது. சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள்.

கதை நின்ற இடம் அதுதான்.

கறை மேசையின் கண்ணாடிக்கு அடியில் விளக்கு எரிந்தது. பனியனை விரித்தாள். நெஞ்சுப் பக்கம் இரண்டு வட்டம். ஒரே உயரத்தில், ஒரே அளவில்.

வேர்வை என்றால் அக்குளில் இருக்க வேண்டும், முதுகில் இருக்க வேண்டும். இது அங்கெல்லாம் இல்லை. எண்ணெய் என்றால் துணி வெளிச்சத்தில் பளபளக்கும். இது மங்கிக் கிடந்தது. விரலால் தடவினாள், மொடமொடவென்று இருந்தது. நகத்தால் சுரண்டினாள், வெள்ளையாகப் பொடி கிளம்பியது. ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் விட்டு முகர்ந்து பார்த்தாள். லேசான புளிப்பு.

அவள் யோசிப்பதற்குள் கை தானாகப் போய் ஒரு புட்டியை எடுத்தது. பிள்ளை பெற்ற பெண்களின் துணி வந்தால் அவள் எடுக்கிற புட்டி அது.

தாய்ப்பால்.

புட்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். மாதத்துக்குப் பத்து உருப்படியாவது இதே கறையோடு வரும். இதே இரண்டு வட்டம், இதே உயரம். ஆனால் அதெல்லாம் பெண்களின் மேலாடை. ஆண்பிள்ளை பனியனில் இது வர வேண்டுமென்றால் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. பால் கொடுக்கிற ஒருத்தியை அவன் முன்பக்கமாகக் கட்டிப் பிடித்திருக்க வேண்டும். நன்றாக இறுக்கி, கொஞ்ச நேரம்.

அப்படியானால் எங்கேயோ ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறது. எட்டு மாதக் கணக்கும் எட்டு மாதக் குழந்தையும் கறைக்காரியின் மனதில் கச்சிதமாகப் பொருந்தின. இந்த எட்டு மாதமும் கண்ணாடி முன்னால் நின்று, எங்கே சதை போட்டது, எங்கே தோல் தொங்குகிறது என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தாளே, அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

"உடம்புக்கு முடியல, அரை நாள் லீவு வேணும்," என்று முதலாளியம்மாவிடம் சொன்னாள்.

"உனக்கா? நீ லீவு கேட்டு நான் பார்த்ததே இல்லையே!"

"இன்னிக்குப் பார்த்துக்கோங்க."

நேராக நாத்தனார் வீட்டுக்குப் போனாள். அதற்குக் காரணம் இருந்தது. ஐந்தாறு மாதமாக அவன் மத்தியானச் சாப்பாட்டை அக்கா வீட்டில் வைத்துக்கொண்டிருந்தான். ஸ்டோரிலிருந்து ஐந்து நிமிட நடை, அக்கா கையால் சூடாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அக்கா வீட்டுக்குத்தான் போகிறானா, இல்லை அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு வேறு எங்கேயாவது போகிறானா? அது தெரிந்தாக வேண்டும்.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். இருபத்திரண்டு வருஷம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு அடியிலும் அந்த வலது கால் சும்மா இராது. யாராவது ஏடாகூடமாகப் பேசினால் தரையை ஒரு மிதி மிதிப்பார்.

"வா வா. என்ன இந்த நேரத்துல? இப்பதான் அவன் போறான். தெருவுல பார்க்கலையா?"

"பார்க்கல அண்ணி. தினமும் வர்றாரா?"

"வராம? வர்றான், நாலு வாய் அள்ளிப் போட்டுக்கறான், ஓடிடறான். இருபது நிமிஷம் இருந்தா அதிகம்."

"அவருக்கு ஒரு மணி நேரம் இடைவேளை அண்ணி."

"அப்படியா?" நாத்தனாரின் புருவம் ஏறியது. "என்ன விஷயம்? மூஞ்சியே சரியில்லையே உனக்கு."

சொல்லக் கூடாது என்றுதான் படியேறி வந்தாள். வாய் கேட்கவில்லை. "அவருக்கு வேற வீடு இருக்கு அண்ணி. குழந்தையும் இருக்கு."

நாத்தனாரின் கால் தரையை ஓங்கி மிதித்தது.

"யாரு, என் தம்பிக்கா? உளறாதே. கல்யாணத்துக்கு முன்னாடி உன்கிட்டப் பேசறதுக்கே என்னைத்தானே தூது அனுப்பினான்? அவனாவது, இன்னொருத்தியாவது! அந்தச் சாமர்த்தியம் இருந்தா நான் சந்தோஷப்பட்டிருப்பேன்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதே. யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. அவர் பனியன்ல கறை இருக்கு."

"பனியனா? அட, அது வேர்வைடி! அதுக்காகத்தானே தினமும் இங்க வந்து மாத்திக்கறான். ஸ்டோர்ல காத்தே இல்லையாம். உன்கிட்டப் போட்டா வேலை முடிஞ்சு வந்தும் உனக்குத் துணி துவைக்கற வேலையான்னு, இங்கேயே அலசிக் காயப்போட்டுட்டுப் போறான். எவன் பெண்டாட்டிக்காக இவ்வளவு பார்க்கறான்? போய்ப் பாரு, பின்பக்கம் கொடியில தொங்குது."

பின்பக்கத்து மாடத்தில் நாலு பனியன் தொங்கின. கீழே வாளி விளிம்பில் ஐந்தாவது, இன்று அலசாமலே போட்டுவிட்டுப் போனது. கையில் எடுத்தாள். இன்னும் ஈரம் காயவில்லை.

அவன் இங்கே வந்தபோது போட்டிருந்த பனியன் இது. ஸ்டோரிலிருந்து நேரே நடந்து வந்திருக்கிறான். இடைவேளை ஆரம்பித்தே அரை மணி நேரம்தான் ஆகிறது, வழியில் எங்கேயும் நிற்க நேரம் இல்லை. அப்படியிருக்க, ஈரம் எங்கிருந்து வந்தது?

கறை மேசையில் முதல் பாடம் ஒன்று உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே வாய் வலிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கறை என்னவென்று பார்ப்பதற்கு முன்னால், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து பட்டதா? காலையில் அவள் அதைப் பார்க்கவே இல்லை. பத்து வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பு.

பனியனை உட்புறம் வெளியே வரும்படி திருப்பினாள்.

உள்பக்கம் கனமாகத் தோய்ந்திருந்தது. நடுவில் அடர்த்தி, ஓரத்துக்குப் போகப் போக வெளிறல். வெளிப்பக்கத்தில் அதன் நிழல் மட்டும்தான்.

இது யார் மேலிருந்தும் அவன்மேல் பட்டது இல்லை. அவனிடமிருந்தே வந்திருக்கிறது.

கறைக்காரி வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வேறொருத்தி இல்லை என்ற நிம்மதி ஒரு நொடி வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. ஆண்பிள்ளை மார்பிலிருந்து இது வருமா? உள்ளே கட்டி கிட்டி ஏதாவது இருக்கிறதா? இதை வைத்துக்கொண்டா இந்த மனிதன் இத்தனை நாள் இரண்டு பனியன் போட்டுத் திரிந்தான்?

"என்னடி, பார்த்தியா?" நாத்தனார் வாசலில் வந்து நின்றார்.

"பார்த்தேன் அண்ணி. நீங்க சொன்னதுதான் சரி. வேர்வைதான்." அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "நான்தான் ஏதோ நினைச்சுக்கிட்டேன்."

"அதானே! எங்கே உன் கண்ணுக்கே கோளாறு வந்துடுச்சோன்னு பார்த்தேன்."

கறைக்காரி குழாயைத் திறந்து பனியனைப் பச்சைத் தண்ணீரில் அலசினாள். அவசரப்படாமல், இரண்டு வட்டத்தையும் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அலசினாள். "இதை மட்டும் எப்பவும் வெந்நீர்ல போட்டுடாதீங்க அண்ணி. போகவே போகாது," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

லிஃப்ட் கம்பெனியின் ஸ்டோர் தரைத்தளத்துக்கும் கீழே இருந்தது. ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரிகள், சுருள் சுருளாகக் கம்பி வடம், கிரீஸ் வாசனை. மேசையில் ஒரு பெட்டி நிறைய லிஃப்ட் பொத்தான்களைக் கொட்டி, மாடி எண் வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையில் இருந்த ஏழாம் மாடியை எங்கே போடுவது என்று தெரியாமல் விழித்தான்.

"என்ன ஆச்சு? அக்காவுக்கு ஏதாவதா?"

"அண்ணி நல்லா இருக்காங்க. அங்கேயிருந்துதான் வர்றேன். கொஞ்சம் உள்ள வாங்க."

கம்பி வடங்களுக்குப் பின்னால், வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பையிலிருந்து காலையில் எடுத்த பனியனை வெளியே எடுத்தாள். உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

அவன் முகத்தில் இருந்த நிறம் போய்விட்டது. பக்கத்து அலமாரியைப் பிடித்துக்கொண்டான்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நான் என்ன வேலை பார்க்கறேன்னே மறந்துட்டீங்களா? என்ன வியாதி இது? கட்டியா? மறைக்காம சொல்லுங்க. எனக்கு மனசு பதறுது."

"வியாதி இல்ல. பயப்படாதே." மென்று முழுங்கினான். "மாத்திரை."

"மாத்திரையா?"

சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு தாளை எடுத்தான். மாத்திரைப் பெட்டிக்குள் வைத்து வருமே, எறும்பு எழுத்தில் அச்சடித்த தாள், அது. நாமெல்லாம் பெட்டியைப் பிரித்ததும் முதலில் தூக்கி எறிவது அதைத்தான். இவன் எந்த மோட்டாரைத் தொட்டாலும் அதன் கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத் தொடுகிற ஆள். இதையும் லென்ஸ் வைத்துப் படித்திருந்தான். வரிகளுக்கு ஓரத்தில் பென்சிலால் எண் போட்டிருந்தான்.

"எழுபத்திரண்டாவது வரி," என்றான்.

படித்தாள். அரிதாகச் சில ஆண்களுக்கு மார்பில் பால் சுரப்பு ஏற்படலாம் என்று இருந்தது. இப்படி ஒரு விஷயத்தை, மழை பெய்யலாம் என்பதைப் போல அவ்வளவு சாதாரணமாக எழுதியிருந்தார்கள்.

"அதுக்கு மேல இருக்கறதையும் படி. எழுபத்தொண்ணு. என்னால வாயால சொல்ல முடியாது."

எழுபத்தொன்றாவது வரியின் கீழ் பென்சில் கோடு இரண்டு முறை போட்டிருந்தது. தாள் அந்த இடத்தில் கிழிகிற நிலைக்கு வந்திருந்தது. பாலுறவில் நாட்டம் குறைதல், ஆண்குறி விறைப்படையாமை.

கறைக்காரி அதை இரண்டு தடவை படித்தாள்.

"உன்னைப் பிடிக்காம இல்ல," என்றான் அவன், பொத்தான் பெட்டி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு. "மனசுல எல்லாம் இருக்கு. உடம்புக்குப் போய்ச் சேரல. ஒண்ணு ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பார்த்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு மேல அவமானப்பட என்னால முடியல. அப்புறம் இது வேற ஆரம்பிச்சுது. எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன் பக்கத்துல வந்து படுக்கறது?"

"எட்டு மாசம்! என்னைப் பார்த்து உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு நினைச்சுட்டேன். கண்ணாடியில என்னையே பார்க்கப் பிடிக்கல எனக்கு."

"உன்னைப் பார்த்தா?"

"இன்னிக்குக் காலைலேர்ந்து நீங்க வேற ஒருத்தியோட குடும்பம் நடத்தறீங்கன்னு வேற நினைச்சேன். கைக்குழந்தையோட."

அவன் நம்ப முடியாமல் அவளைப் பார்த்தான். "நானா? நம்ம ஒரு வீட்டுச் சாவியை எங்க வெச்சேன்னே எனக்கு தினமும் தெரியல. நான் ரெண்டு வீடு வெச்சு நடத்துவேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. கம்பி வடத்துக்குப் பின்னால் இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே இருக்கும்போது அவன் கண் நிறைந்து வழிய ஆரம்பித்தது. அவள் கையிலிருந்த பனியனாலேயே அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"டாக்டரம்மாகிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? 'தூக்கம் வருதா, பசிக்குதா, வேற ஏதாவது?'ம்பாங்க. வேற ஏதாவதுன்னு கேக்கும்போதே கை மேசை மணிக்குப் போயிடும், அடுத்த ஆளைக் கூப்பிட. மணி அடிக்கறதுக்குள்ள ஆம்பளை ஒருத்தன் இதைச் சொல்லி முடிக்க முடியுமா? பக்கத்துல நீ வேற உக்காந்திருப்பே."

"இன்னிக்கு சாயங்காலமே போறோம்."

"இன்னிக்கா? வெள்ளிக்கிழமை போலாமே."

"இன்னிக்கு," என்றாள். அவன் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் விட்டான். அது அவள் கண்ணில் பட்டது. கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே பதினான்கு பேர் இருந்தார்கள். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது அவள் ஒன்று தீர்மானித்தாள். அவனுக்குப் பதிலாகத் தான் பேசுவதில்லை. மூன்று வருஷமாக இந்த அறையில் முக்கால்வாசி அவள்தான் பேசியிருக்கிறாள். தூங்கறார் டாக்டர், சாப்பிடறார் டாக்டர், நல்லா இருக்கார் டாக்டர். அவன் பக்கத்தில் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பான்.

உள்ளே போனார்கள்.

"வாங்க. என்ன, இந்தத் தடவை சீக்கிரமா வந்துட்டீங்க?" டாக்டரம்மா கோப்பைப் புரட்டினார். "தூக்கம்?"

"வருது டாக்டர்."

"பசி?"

"இருக்கு."

"வேற ஏதாவது?" கை மணிக்குப் போனது.

கறைக்காரி எட்டி, அந்த மணிமேல் தன் உள்ளங்கையை வைத்து மூடினாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். அவள் கையை எடுக்கவும் இல்லை, பேசவும் இல்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, மேசையில் வைத்து, மடிப்பெல்லாம் நீவிவிட்டான்.

"எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு. ரெண்டும் எனக்கு இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா குனிந்து படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசம். பால் அஞ்சு மாசமா."

"அஞ்சு மாசத்துல மூணு தடவை இங்க வந்திருக்கீங்க." அவர் கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யாரையும் கடிந்துகொள்கிற குரலாக இல்லை. "நான்தான் கேட்டிருக்கணும். இந்த மாத்திரையை எழுதற அன்னிக்கே, இப்படி வரலாம், வந்தா கூச்சப்படாம சொல்லுங்கன்னு சொல்லியிருக்கணும். நிறையப் பேருக்கு வருது. நாங்க கேக்கறதில்ல, நீங்க சொல்றதில்ல. தப்பு என் பேர்லதான்."

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். நிறையப் பேருக்கு என்ற வார்த்தையை அவன் எதிர்பார்க்கவில்லை.

டாக்டரம்மா விளக்கினார். குரலை அடக்குகிற மாத்திரை மூளையில் இன்னொரு கதவையும் சேர்த்துத் திறந்துவிடுகிறது. பால் சுரக்கவைக்கிற ஹார்மோன் ஆண்கள் உடம்பிலும் உண்டு, கொஞ்சமாக இருக்கும். அது ஏறிவிட்டால் இந்த இரண்டும் வரும். ரத்தத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். வேறு காரணம் ஏதும் இல்லை என்பதையும் உறுதிசெய்துகொள்ளலாம். இந்த ஹார்மோனைத் தொடாத மாத்திரைகள் இருக்கின்றன. இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மாற்றிவிடலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்.

கறைக்காரிக்கு நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. சந்தோஷம்தான் அது. மணிமேல் இருந்த கையை எடுத்து, மேசைக்கு அடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு மாதத்துக்குப் பிறகு பிடிக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியில் அவனோடு பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது.

"ஒண்ணு மட்டும்," என்றார் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே. "மாத்தி முடிக்கற வரைக்கும் இப்ப சாப்பிடறதை ஒரு வேளைகூட விடக் கூடாது. பிடிக்கலைன்னு நிறையப் பேர் நாமளே நிறுத்திடலாம்னு நிறுத்திடறாங்க. அது ரொம்ப ஆபத்து."

அவன் குனிந்து தன் முழங்காலைப் பார்த்தான்.

"நிறுத்திட்டேன் டாக்டர்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"எத்தனை நாள்?"

"பதினோரு நாள்."

"நான்தானே தினமும் கையில குடுக்கறேன்!" கறைக்காரி தீர்மானத்தை மறந்து கத்திவிட்டாள். "என் கண்ணு முன்னாடிதானே தண்ணி குடிச்சு முழுங்கறீங்க?"

"நாக்குக்கு அடியில வெச்சுக்குவேன். நீ விளக்கை அணைச்சதும் துப்பிடுவேன்." அவன் டாக்டரம்மாவை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான். அவன் முகம், சொன்னால் நம்ப மாட்டீர்கள், மலர்ந்திருந்தது. "கோவப்படாதே. கேளு. பால் பாதியாக் குறைஞ்சுடுச்சு. அப்புறம் முந்தாநாள் விடியக்காலைல கண்ணு முழிச்சேன். உடம்பும் முழிச்சிருந்தது. எட்டு மாசத்துல முதல் தடவையா. சத்தியமா. நான் செத்துப்போகல, இன்னும் இருக்கேன்னு தோணிச்சு. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ நல்லாத் தூங்கிட்டிருந்தே."

"எழுப்பியிருக்கலாமே," என்றாள். எதிரில் டாக்டரம்மா உட்கார்ந்திருப்பதே அவளுக்கு நினைவில் இல்லை. "என்னை எழுப்பியிருக்கலாமேங்க."

"எழுப்பத்தான் கையை நீட்டினேன்."

"அப்புறம்?"

அவன் முகத்திலிருந்த மலர்ச்சி மெல்ல இறங்கியது.

"தொடாதேன்னு சொல்லிட்டான்."

யார் என்று அவள் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் கேட்கவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை அவன் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்கு மட்டும்தானா? அதுக்கப்புறமும் பேசறானா?"

"பேசறான்."

"இப்ப?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"இப்ப என்ன சொல்றான்?"

"இவ கையை விடச் சொல்றான்."

அவன் விடவில்லை. இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

"நான் விட்டாலும் நீ விட்டுடாதே," என்றான் அவளிடம்.